போதும் என்று சொல்லப் பழகு

அன்புள்ள தம்பிக்கு,

வரும் மார்ச்சில் இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் மீன்பிடி உதவி வழிகாட்டியாகச் சேரப்போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். ஊட்டியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீரும் ட்ரவுட் என்ற பெயரும் புதிதல்ல. அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் எச்.சி. வில்சன் நூறாண்டுக்கு முன் பாடுபட்டு நிலைக்கவைத்த வானவில் ட்ரவுட்டைப் பற்றிக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பாய். இமாச்சலத்தில் உனக்கு முன்னால் நிற்கப்போவது அதன் உறவான பழுப்பு ட்ரவுட். இது இன்னும் கூச்சமுள்ள மீன், எளிதில் ஏமாறாது.

மூன்று கேள்விகள் கேட்டிருந்தாய். என்ன ராட் வாங்கலாம்? ஒன்பதடி நீளத்தில், நாலாம் எண் அல்லது ஐந்தாம் எண் லைனுக்கானது ஒன்று போதும். தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கை ஈக்களில் எதைக் கட்டக் கற்றுக்கொள்ளலாம்? ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில் தொடங்கு. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றின் காவலராக வாழ்நாளைக் கழித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது அது. ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் மெல்லிய செம்புக் கம்பியும் இருந்தால் கட்டிவிடலாம், நூல்கூட வேண்டாம். தினமும் ஆற்றோரம் நடந்து, மீன் எதைத் தின்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியவர் என்பதால் அவர் ஈயில் தேவையில்லாதது எதுவும் இருக்காது.

மூன்றாவது கேள்வி, வருகிறவருக்கு முதல் நாளே மீன் காட்டுவது எப்படி என்பது. கூடவே இன்னொரு கேள்வியையும் நீ கேட்டிருக்க வேண்டும்: எப்போது நிறுத்துவது? ஆற்றில் இறங்கியவருக்கு நிறுத்த மனம் வராது. இன்னும் ஒரு வீச்சு, இன்னும் பத்து நிமிஷம், அடுத்த மடுவையும் பார்த்துவிடலாம் என்றுதான் தோன்றும். கூட்டிப்போனவன்தான் நிறுத்த வேண்டும். மீன் பிடித்துக் கொடுக்கும் கைடுகள் அந்தப் பள்ளத்தாக்கில் பலர் உண்டு. போதும் என்று சரியான நேரத்தில் சொல்லி, சொன்னதைக் கேட்கவைக்கிற கைடு அரிது. அப்படிச் சொல்ல வெறும் துணிச்சல் போதாது. ஆற்றைத் தெரிந்தவன் சொன்னால்தான் வந்தவர் கேட்பார். ஆகவே ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் இரண்டு வாரம் ராட்டைத் தொடாதே. குஷைனியிலிருந்து நாகினி வரை கரையோரமாக நட. முழங்கால் ஆழத்தில், வேகமாக ஓடும் தண்ணீரில் கிடக்கும் உள்ளங்கையளவு கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார். அடிப்புறத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மூன்று மெல்லிய வால்களோடு விலகி ஓடுவது பெரும்பாலும் மேஃப்ளையின் இளம்பருவம். இரண்டே வால், கொஞ்சம் பருத்த கால்கள் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மணலையும் பொடிக்கற்களையும் பட்டுப்போன்ற இழையால் ஒட்டிச் செய்த சிறு குழாய்கள் தெரிந்தால் உள்ளே கேடிஸ் புழு இருக்கும். குழாயின் வாயருகே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிரு. தலையும் முன்னங்கால்களும் வெளியே வந்து, காற்றுப் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்த்து முடித்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே வை. ட்ரவுட்டின் உணவில் பெரும்பகுதி இப்படித் தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது. மேலே பறக்கும் பூச்சியை மீன் எம்பிப் பிடிக்கும் காட்சி அழகானதுதான். ஆனால் நாளின் பெரும்பாகம் அது கீழேயே மேய்கிறது.

அடுத்து, மீன் நிற்கும் இடம். வேகமான ஓட்டத்துக்கு நடுவே அது நிற்காது, உடம்பு தாங்காது. ஓட்டத்தை ஒட்டி, ஒரு பாறையின் பின்னாலோ முன்னாலோ தண்ணீர் தளர்ந்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டம் அடித்துவரும் இரையை எட்டி எடுத்துக்கொள்ளும். வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோட்டைக் கண்டுபிடிக்கப் பழகு. நுரை எந்த வழியாகப் போகிறதோ இரையும் அந்த வழியாகத்தான் போகும். மீனின் முகம் எப்போதும் ஓட்டம் வரும் திசையைப் பார்த்திருக்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கி, அதன் முதுகுப் பக்கமாகப் போ. வெளியுலகம் மீனின் கண்ணுக்கு ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் தெரியும். தண்ணீர் ஒளியை வளைப்பதால் அந்தச் சாளரத்தின் அகலம் சுமார் 97 டிகிரி. நிமிர்ந்து நிற்பவன் அதில் தெளிவாகத் தெரிவான். குனிந்து தாழ்ந்து வருபவன் அதன் ஓரத்தில் நசுங்கிக் கிட்டத்தட்ட மறைந்துபோவான். வந்தவரிடம் 'குனியுங்கள்' என்று வெறுமனே சொல்லாமல் இந்தக் காரணத்தையும் சொல். காரணம் தெரிந்தவர் நாள் முழுக்கக் குனிவார்.

வீசக் கற்றுக்கொடுப்பதை ஆற்றில் வைத்துக்கொள்ளாதே. விடுதிக்குப் பக்கத்தில் புல்வெளியோ அறுவடை முடிந்த வயலோ இருந்தால் அங்கே அரைமணி நேரம் நிற்கவை. ஈக்கு எடையே இல்லை, பறப்பது லைனின் எடைதான் என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பின்னால் போன லைன் நீண்டு நிமிர்ந்த பிறகுதான் முன்னால் அடிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் அந்த இடைவெளியைக் கொடுக்காமல் அவசரப்படுவார்கள். 'மெதுவாக' என்று பத்து முறை சொல்வதைவிட, தலையைத் திருப்பிப் பின்னால் போகும் லைனைப் பார்க்கச் சொல். கண் பார்த்ததும் கை தானாகப் பொறுக்கும். ஒரு நேரத்தில் ஒரே திருத்தம் சொல். மணிக்கட்டு, தோள், நிற்கும் நிலை என்று ஒரே மூச்சில் அடுக்கினால் அவர் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், தண்ணீரைப் பார்க்கமாட்டார். தூரமாக வீசுவதும் தேவையில்லை. அந்த ஆற்றில் முப்பதடிக்குள் துல்லியமாக விழுந்து, ஓட்டத்தின் வேகத்திலேயே இழுபடாமல் மிதந்துபோகும் ஈதான் மீனைக் கொண்டுவரும்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம்.

தண்ணீர் உயரும்போது நிறுத்து. மே, ஜூனில் மேலே பனி உருகும். காலையில் தெளிந்து தாழ்ந்திருக்கும் ஆறு, பகல் முழுதும் உருகிய தண்ணீர் வந்து சேர்ந்ததும் மாலையில் ஏறும், நிறமும் கலங்கும். காலையில் இறங்கும்போதே கரையோரம் ஒரு கல்லைக் குறித்துக்கொள், தண்ணீர் அதை எவ்வளவு மூடுகிறது என்று அடிக்கடி பார். மழைக்காலத்தில் அந்தக் கணக்கும் உதவாது. மேலே எங்கோ கொட்டிய மழை, நீ நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வந்து சேரும். சுள்ளியும் இலையும் திடீரென்று மிதந்து வந்தாலோ, தண்ணீர் பழுப்பேறினாலோ, அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலோ, அந்த நொடியே கரையேறு. சிக்கிய மீன் லைனில் இருந்தாலும் அறுத்துவிட்டு ஏறு. அந்த நேரத்தில் வந்தவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே. மேட்டுக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

தீர்த்தனும் சைஞ்சும் பியாஸில் கலக்கும் லார்ஜிக்குக் கீழே யாரையும் தண்ணீரில் இறக்காதே. 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர், தலௌட் அருகே ஆற்றுக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரையும் உடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் அடித்துக்கொண்டுபோனது. அவர்கள் நின்றபோது பாறைகள் காய்ந்துதான் கிடந்தன. ஆற்றைத் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருந்து 'ஏறுங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள். வழிகாட்டி என்ற சொல்லுக்குள் இருக்கும் பொறுப்பு அவ்வளவு பெரியது. வந்தவரின் உயரம், வயது, கால் பலம் மூன்றையும் பார்த்து, அவர் எந்த ஆழம்வரை போகலாம் என்பதை நீயே முடிவு செய். ஆற்றைக் கடக்கும்போது அவருக்குக் கீழ்ப்புறமாக நீ நில். தவறி விழுந்தால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக் கரையிலேயே படுத்துக் காட்டு.

மீன் களைத்துவிட்டால் நிறுத்து. பிடித்து விட்டுவிடுவதால் தீங்கில்லை என்று நம்பிக்கொண்டு பலர் வருகிறார்கள். எப்படி விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள் வானவில் ட்ரவுட்டுகளைக் களைத்துப்போகும்வரை துரத்தி ஓடவைத்துச் சோதித்தார்கள். காற்றில் தூக்காமல் விட்டவற்றில் பத்துக்கு ஒன்பது 12 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தன. முப்பது நொடி வெளியே வைத்தவற்றில் பிழைத்தவை பத்துக்கு ஆறு. ஒரு நிமிடம் வைத்தவற்றில் பத்துக்கு மூன்றுகூடப் பிழைக்கவில்லை. செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீர் இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்றுவிடுகிறது. ஒரு நல்ல புகைப்படத்துக்கு நம் ஆட்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நினைத்துப் பார்.

அதனால் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் முன்கூட்டியே அமுக்கிவிடு. ஈயைக் கட்டும் நுனி இழையான டிப்பெட்டை ரொம்ப மெல்லியதாகக் கட்டாதே. மெல்லிய டிப்பெட்டில் மீனை நெடுநேரம் போராடவிட வேண்டிவரும். கையை நனைத்துக்கொண்டு தொடு, காய்ந்த கை மீனின் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, மீனை அதில் நிறுத்திவைத்து முள்ளை எடு. படம் வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு மட்டும் தூக்கச் சொல். 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நீயே உரக்க எண்ணு, மூன்றில் மீன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். பிறகு ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் முகம் ஓட்டம் வரும் திசையைப் பார்க்கப் பிடித்துக்கொள். முதலில் செவுள் மூடி வேகமாக அடிக்கும், பின் சீராகும். வால் உன் கையை ஒரு தள்ளு தள்ளும். அதுவரை விடாதே, அந்தத் தள்ளு வந்ததும் ஒரு நொடிகூட வைத்துக்கொள்ளாதே. தெர்மாமீட்டர் ஒன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். வெயில் காலத்தில், தண்ணீர் குறைந்த கீழ்ப்பகுதிகளில் 20 டிகிரியைத் தொட்டால் அன்றைய மீன்பிடி முடிந்தது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்த ஆக்சிஜன் குறையும், ட்ரவுட்டுக்கோ தேவை கூடும்.

மீன் முட்டையிடும் காலத்தில் அறவே நிறுத்து. நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை இமாச்சலத்தில் ட்ரவுட் பிடிக்கத் தடை. அதைச் சட்டமாக மட்டும் பார்க்காதே. அந்த மாதங்களில் ஒரு நாளாவது ஒரு சிற்றோடையின் கரையில், ராட் இல்லாமல் போய் உட்கார். பெண் மீன் சரளையின்மேல் ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்துப் பள்ளம் பறிப்பதைக் காண்பாய். முட்டையிட்டதும் சற்று மேலே நகர்ந்து மறுபடி பறிக்கும். அங்கே கிளம்பும் சரளை ஓட்டத்தில் வந்து முதல் பள்ளத்தை மூடும். பாசி போய், சுற்றியிருப்பதைவிட வெளுத்துத் தெரியும் அந்தச் சரளைத் திட்டுதான் முட்டைகள் கிடக்கும் இடம். தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் முட்டை பொரிய ஒன்றரை மாதம் ஆகும். 5 டிகிரியில் அதற்கு இரு மடங்குக்குக் குறையாது. பொரிந்த குஞ்சும் உடனே வெளியே வராது, வயிற்றில் ஒட்டிய கரு உணவைத் தின்றுகொண்டு சரளைக்குள்ளேயே வாரக்கணக்கில் கிடக்கும். அப்படியென்றால் மார்ச்சில் பருவம் திறக்கும்போது பல இடங்களில் குஞ்சுகள் இன்னும் கல்லுக்கடியில்தான் இருக்கும். அந்த வெளுத்த திட்டுகளின்மேல் உன் பூட்ஸும் படக்கூடாது, வந்தவர் பூட்ஸும் படக்கூடாது. முதல் மாதத்தில் முடிந்தவரை கரையிலிருந்தே வீசவை.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழுப்பு ட்ரவுட் இமயத்தின் பிள்ளை அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து 1900இல் காஷ்மீருக்கு முட்டைகளாக வந்து பிழைத்தது. அங்கிருந்து 1909இல் ஹாவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி குல்லுவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்தத் தண்ணீரில் ஆண்டது ஸ்நோ ட்ரவுட் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட சைசோதோராக்ஸ். பெயர்தான் ட்ரவுட், உண்மையில் அது கெண்டை வகை, பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பது. வந்தேறிய மீனின் பசி, அணைகள், கண்மூடித்தனமான பிடிப்பு எல்லாம் சேர்ந்து இன்று அதை அழிவாய்ப்புப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வந்தவரிடம் இந்தக் கதையை முழுதாகச் சொல். ட்ரவுட்டால் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அடுப்பெரிகிறது என்பதும் உண்மை, அது இன்னொரு உயிரின் இடத்தில் நிற்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறவனைத்தான் அவர் நம்புவார். ஸ்நோ ட்ரவுட் தற்செயலாக மாட்டினால் எவ்வளவு பெரியதானாலும் படம்கூட எடுக்காமல் உடனே விடு.

பள்ளத்தாக்கு மக்களிடம் பணிவாக இரு. தீர்த்தனில் அணை இல்லாமலிருப்பது தானாக அமைந்ததல்ல. நீர்மின் திட்டங்கள் அங்கே வந்தபோது பஞ்சாரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாபும் ஊர் மக்களும் நீதிமன்றம்வரை போய்ப் போராடினார்கள், திட்டங்கள் கைவிடப்பட்டன. அணை எழுந்துவிட்ட பக்கத்து சைஞ்சுப் பள்ளத்தாக்குக்கு ஒருமுறை போய்ப் பார், அவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பது புரியும். நீ வீசும் ஒவ்வொரு வீச்சும் அவர்கள் காப்பாற்றிய தண்ணீரில்தான் விழுகிறது. வயலைக் குறுக்கே கடக்கும்முன் கேள். தெய்வத்துக்கென்று ஊரார் ஒதுக்கிய மடு என்றால் அங்கே ராட்டைப் பிரிக்காதே. மேலே கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவின் எல்லை தொடங்கும் இடத்தில் தூண்டிலைச் சுருட்டிவிடு. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காடு அது, அங்கே பார்ப்பதற்கு மட்டும் போ. மீன்வளத் துறை அனுமதிச் சீட்டு இல்லாதவரை, எவ்வளவு வேண்டியவரானாலும், கூட்டிப்போகாதே.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன்னை அலைக்கழிக்கப்போவது அதுதான். நாள் கூலி சிறியது, கையில் வைக்கும் அன்பளிப்பு மீனின் எண்ணிக்கையைப் பார்த்து வரும். பக்கத்து கைடு தன் விருந்தினருக்குப் பத்து மீன் காட்டினான் என்ற பேச்சு இரவுச் சாப்பாட்டின்போது காதில் விழும். அப்போது மனம் குறுகும். மறுநாள் கலங்கிய தண்ணீரிலும் இறங்கச் சொல்லும், களைத்த மீனை இன்னொரு படத்துக்காகத் தூக்கச் சொல்லும். அந்தக் குரலுக்கு இடம் கொடுக்காதே. நிறுத்திய நாளில் வந்தவரைச் சும்மா உட்காரவைக்காதே. கல்லைத் திருப்பிக் காட்டு, ஈ கட்டச் சொல்லிக்கொடு, மேலே பூங்காவுக்குள் ரோலா வரை நடத்திக் கூட்டிப்போ. ஆற்றை அவருக்குக் கொஞ்சமாவது புரியவைத்துவிட்டால், மீன் கிடைக்காத அந்த நாளுக்காகவே அவர் அடுத்த ஆண்டும் உன்னைத் தேடி வருவார். வராமல் போனாலும் பரவாயில்லை. அன்றைய கூலி போனால் இன்னொரு நாள் சம்பாதிக்கலாம், ஆள் போனால் வராது.

தினமும் இரவு ஒரு நோட்டில் எழுது. தண்ணீரின் வெப்பம், நிறம், உயரம், கல்லுக்கடியில் கண்ட பூச்சி, மீன் எடுத்த நேரம். இரண்டு பருவம் எழுதிவிட்டால் யாருடைய புத்தகமும் தராத அறிவு உன் கையில் இருக்கும், 'இன்று வேண்டாம்' என்று நீ சொல்லும்போது உன் குரலில் தயக்கம் இருக்காது. அக்டோபர் முடிந்து ஆறு மூடப்பட்டதும் எனக்கு ஒரு கடிதம் போடு. எத்தனை மீன் பிடித்தாய் என்று அதில் எழுத வேண்டாம். எந்தெந்த நாள், எந்த இடத்தில், எதற்காக நிறுத்தினாய் என்று எழுது. அதைப் படித்தாலே நீ எப்படிப்பட்ட கைடு ஆகியிருக்கிறாய் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்